வராதீங்க அக்கா

தீவின் படகுத்துறையில் இறங்கி, "மூணு ரூம் வாடகைக்கு விடற வீடு எங்க?" என்று கேட்டுப் பாருங்கள், ஆளாளுக்கு முழிப்பார்கள். "வராதீங்க அக்கா வீடு" என்று கேளுங்கள். டிக்கெட் கிழிப்பவர், டீக்கடைக்காரர், வலை பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என்று அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே ஒரே பக்கம் கையை நீட்டுவார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய்விடலாம்.

அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. அறை வாடகைக்கு விடுகிறவர்கள் போனை எடுத்தால் தேன் ஒழுகப் பேசுவார்கள், அதுதான் எங்கும் நடப்பது. அக்கா எடுத்தால் முதல் வேலையாக ஆளை விரட்டப் பார்ப்பாள்.

"எந்த மாசம் வரீங்க? ஐயையோ, அந்த மாசமா? வராதீங்க. மழை பிச்சுக்கிட்டு ஊத்தும். கரண்ட் போச்சுன்னா எப்ப வரும்னு கரண்டுக்கே தெரியாது. கொசு இருக்கு. மூணாவது ரூம்ல ஒரு மூலை ஒழுகும், வாளி வச்சிருக்கேன். கடல் கலங்கிப் போய் டீ மாதிரி இருக்கும். இவ்வளவும் கேட்டப்புறமும் வரணும்னு தோணுச்சுன்னா வாங்க. இப்ப போன வைக்கட்டுமா?"

பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். மீதிப் பேர், இப்படி ஒரு பொம்பளையை நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று கிளம்பி வருவார்கள். வந்தவர்களில் ஒருவர்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் போனதில்லை. ஒழுகும் என்று சொன்ன மூலை ஒழுகாவிட்டால் சந்தோஷம். ஒழுகினாலும், சொன்ன மூலையில்தானே ஒழுகுகிறது! கரண்ட் போனால் அவர்களே "அக்கா அப்பவே சொன்னாங்க" என்று மெழுகுவர்த்தியைத் தேடி எடுத்துக்கொள்வார்கள்.

அவள் கணவர், சுற்றுலாக்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு சுற்றிக் காட்டுகிறவர். சாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவருக்கும் வயிற்றெரிச்சல்தான்.

"நீ போன எடுக்காம இருந்தாலே நமக்குக் கூட நாலு பேர் வருவாங்க" என்பார்.

"வந்து? மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உங்க படகுல உக்காந்திருப்பாங்க. பரவாயில்லையா?"

அவர் எஞ்சினைத் துடைக்கப் போய்விடுவார்.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஒரு ஆள் இனிமேல்தான் பிறக்கவேண்டும். கடலோரத்தில் அறை விடுகிறவர்களுக்குப் பெரிய எதிரி மழையோ புயலோ இல்லை, மணல். படுக்கைவிரிப்பில் ஒரு சிட்டிகை மணல் இருந்தால் போதும், விருந்தாளியின் தூக்கம் போச்சு. வாசலில் கால் கழுவத் தொட்டி, அதற்குப் பக்கத்தில் முரட்டுத் துணி, உள்ளே போனதும் இன்னொரு துணி என்று மூன்று இடத்தில் மணலுக்குக் காவல் போட்டிருந்தாள். மழை மாதத்தில் விரிப்புகள் காயாது. பாதி ஈரத்தில் எடுத்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்தி ஆவி பறக்கத் தேய்த்து, இன்னும் சூடு ஆறாமலே கட்டிலில் விரிப்பாள். குளிரில் நனைந்து வந்தவர்கள் அதில் படுத்ததும் "ஆஹா" என்பது பக்கத்து அறைக்குக் கேட்கும். அந்த ஒரு "ஆஹா"வுக்காக அவள் எத்தனை விரிப்பு வேண்டுமானாலும் தேய்ப்பாள்.

சரி, ஏன் இப்படி விரட்டுகிறாள்? கிறுக்கா? இல்லை. அதற்கு அவள் கல்யாணக் கதையைச் சொல்லவேண்டும்.

அக்கா தீவில் பிறந்தவள் இல்லை. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தவரின் மகள். கடலைப் படத்தில் மட்டும் பார்த்தவள். வரன் கொண்டுவந்த தரகர் வாய் கிழியப் பேசினார். கடலோரத்திலேயே வீடு. படுத்துக்கொண்டே கடலைப் பார்க்கலாம். வருஷம் பூராவும் காத்து. மாப்பிள்ளை சொந்தப் படகு வைத்திருக்கிறார். கேட்டுக் கேட்டு அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. மழை மாதத்தில் கல்யாணம். படகில் ஏறியதிலிருந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. கரை தெரிகிற நேரத்தில் புது மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"வீடு கொஞ்சம் ஒழுகும்."

"அத இப்பதான் சொல்றீங்களா?"

"யாரும் கேக்கலியே."

போய்ப் பார்த்தால், தரகர் ஒரு பொய்கூடச் சொல்லியிருக்கவில்லை. படுத்துக்கொண்டே கடலைப் பார்க்கலாம், ஏனென்றால் ஜன்னலுக்குக் கதவு கிடையாது. காத்து வருஷம் பூராவும், அதே காரணத்தால். படகு சொந்தம்தான், எஞ்சின் மட்டும் இரவல். ஏமாந்துவிட்டோமே என்று அவள் பல நாள் சாப்பிடாமல் அழுதாள். அழும்போதே ஒன்று தீர்மானம் செய்துகொண்டாள். என்னைத் தவிர இன்னொரு ஆள் இந்தத் தீவுக்கு ஏமாந்து வரக்கூடாது. ஜன்னலுக்குக் கதவு வந்தது, எஞ்சின் சொந்தமானது, பின்கட்டில் மூன்று அறைகள் எழும்பின. தீர்மானம் மட்டும் மாறவே இல்லை.

அந்த அழுகையிலிருந்து அவளை எழுப்பியவர்கள் அவள் வீடு இருக்கிற சந்துக்காரப் பெண்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒரு மீன்கடைக்காரம்மா. குரல் கொடுத்தால் படகுத்துறையே திரும்பிப் பார்க்கும். ஒரு மழை மத்தியானம் அந்த அம்மாள் வந்து, "இப்படியே அழுதுக்கிட்டு இருந்தா கடல் மட்டம்தான் ஏறும், எந்திரி" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தீவின் முன்பக்கம் அலை தலைக்கு மேல் எழும்பும் காலம் அது. பின்பக்கம் அப்படியில்லை. பாறைத்திட்டு ஒன்று கடலை வளைத்துக் கட்டிப்போட்டிருக்கும். உள்ளே தண்ணீர் இடுப்பளவு, கழுத்தளவு. அலை என்று பேருக்குக்கூட இருக்காது. சந்துப் பெண்கள் மழை மாதங்களில் மத்தியான வேலை முடிந்ததும் பழைய நைட்டியோடு அங்கே இறங்கி, மழை பெய்யப் பெய்யக் கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. "அந்தப் பக்கம் போயிட்டு வரோம்" என்பார்கள். அன்று அந்தப் பக்கம் போய்விட்டு வந்த புதுப்பெண் வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். மறுநாள் கூப்பிடாமலே போனாள்.

இந்த இடத்தைப் பற்றி விருந்தாளிகள் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது சந்துப் பெண்களுக்குள் ஒரு பேச்சு. கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். முன்பக்கமும் ஒரு காலத்தில் அவர்கள் குளித்த இடம்தான். பிறகு சாய்வு நாற்காலி வந்தது, குடை வந்தது. நைட்டியோடு குளிக்கிறவர்களைப் போட்டோ எடுக்க ஆள் வந்தது. கடைசியில் ஒருநாள் ஒரு காவலாளி வந்து, "கெஸ்ட் எல்லாம் பாக்கறாங்க, நீங்க கொஞ்சம் வேற எடம் பாத்துக்கங்க" என்றான். அவர்கள் கடலில் இருந்து அவர்களையே எழுந்து போகச் சொன்னான்! மீன்கடைக்காரம்மா அன்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அதிலிருந்து அந்தப் பக்கம் மட்டும்தான் மிச்சம். வழியில் கருவாடு காயப்போட்டிருப்பார்கள். அந்த நாற்றத்தைத் தாண்டி எந்த விருந்தாளியும் வந்ததில்லை. அக்காவும், வாய் ஓயாத அக்காவும், இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது கொழுந்தன் வந்து சேர்ந்தான்.

கணவரின் தம்பி. வெளியூரில் பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவன். சிரிப்பை எப்போது எவ்வளவு திறக்கவேண்டும் என்று அங்கே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் போல. அந்த வேலையை விட்டுவிட்டு, "அண்ணி, நம்ம ரூமையெல்லாம் நான் தூக்கி நிறுத்தறேன்" என்று வந்தான். நல்ல பையன்தான், அதில் சந்தேகமில்லை. அண்ணி மேல் உயிர். ஆனால் வந்த வேகத்தில் இணையத்தில் ஒரு விளம்பரம் போட்டுவிட்டான். "எங்கள் தீவுக்கு வர பத்துக் காரணங்கள்." நீலக் கடல். வெள்ளை மணல். இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிய தூளி. பிடித்த கையோடு பொரித்த மீன். ஹார்ன் சத்தமே இல்லாத தெருக்கள். ஆண்டு முழுவதும் இதமான வெயில். இப்படியே போய்ப் பத்தாவது காரணமாக அக்காவின் படம். இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு யாரையோ திட்டும்போது எடுத்தது. பார்ப்பதற்குச் சிரிப்பது மாதிரி இருந்தது. கீழே "அன்பான உபசரிப்பு" என்று எழுதியிருந்தான்.

"என்னக் கேக்காம ஏன் தம்பி போட்ட? அதுவும் பத்தாவதா? மீனுக்கும் கீழயா நான்?"

"கடைசியாப் பாக்கறதுதான் அண்ணி மனசுல நிக்கும்."

"அது போகட்டும். அது என்ன, ஆண்டு முழுவதும் வெயில்? யார் காதுல பூ சுத்தற?"

"அண்ணி, 'மழையும் உண்டு'ன்னு போட்டா எவன் வருவான்? எல்லாரும் இப்படித்தான் போடறாங்க. இந்த ஒரு சீசன் மட்டும் நீங்க போன்ல வாயக் கட்டிக்கிட்டு இருங்க. 'வாங்க'ன்னு மட்டும் சொல்லுங்க. ஒரே ஒரு சீசன். அதுலயும் சரியா வரலேன்னா நான் விளம்பரத்தக் கிழிச்சுப் போட்டுட்டு அண்ணன் படகுல கயிறு பிடிக்கப் போறேன்."

கணவர் எஞ்சினைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். பார்வையில் "ஒரு தடவை கேளேன்" என்று இருந்தது. அக்காவுக்கு மனசு இளகிவிட்டது. சரி என்று ஒப்புக்கொண்டாள். நாக்கு அரிக்கும், பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அடுத்து வந்த போனிலேயே சோதனை வந்தது. ஒரு பெண் குரல். கூச்சப்பட்ட, மெல்லிய குரல். பின்னால் தையல் மெஷின் ஓடி நின்ற சத்தம். ரெண்டு பேருக்கு ஒரு அறை, நாலு நாள், மழை மாதத்தின் நட்டநடுவே. அக்காவுக்கு அடித்தொண்டை வரை "ஐயையோ" வந்துவிட்டது. எதிரே கொழுந்தன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான்.

"விளம்பரத்துல பாத்தோம். வேற ஒண்ணும் வேணாங்க்கா" என்றது குரல். "கடல்ல எறங்கிக் குளிக்கலாம்ல? அது மட்டும் சொல்லுங்க."

அக்கா கொழுந்தனின் கூப்பிய கையைப் பார்த்தாள்.

"குளிக்கலாம்" என்றாள். "வாங்க."

அன்று தேய்த்த விரிப்பு ஒன்று கருகிப்போனது. இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அவர்கள் வந்த அன்று மழை, குடத்தைக் கவிழ்த்த மாதிரி. கணவன் பஸ் டிரைவர். பெரிய உடம்பு, பெரிய மீசை, படகில் ஏறியதிலிருந்து பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். "நான் ஓட்டாத வண்டில ஏறினா எனக்கு வயித்தக் கலக்கும்மா" என்று அக்காவிடம் ஒப்புக்கொண்டார். மனைவிக்கு வாந்தி இல்லை, பயமும் இல்லை. மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மழைக்கு அந்தப் பக்கம் கடல் எங்கே இருக்கிறது என்று கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டே வந்தாள்.

சூடான விரிப்பில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது எல்லாம் தானாக வெளியே வந்தது. அவள் தையல்காரி. பள்ளிப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைக்கிறாள். மாமியார் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் படுத்த படுக்கை. தையல் மெஷினை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டு வருஷக்கணக்காக ஓடுகிறது பொழுது. புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் இவள்தான். வீட்டு வாசலைத் தாண்டி ஒரு ராத்திரி வெளியே தங்கியதில்லை. நாத்தனார்தான் இந்தத் தடவை, "எனக்கு நாலு நாள் லீவு கெடைச்சிருக்கு. என் அம்மாவ நான் பாத்துக்கறேன். நீங்க எங்கயாவது போயிட்டு வாங்க அண்ணி" என்று பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாளாம்.

"மறுபடி அவளுக்கு எப்ப லீவு கெடைக்குமோ" என்றாள் தையல்காரி. பிறகு வெட்கத்தோடு துணிப்பையைத் திறந்தாள். "கடல்ல குளிக்கறதுக்குன்னு நானே தைச்சேங்க்கா. யூனிஃபார்ம் வெட்டினதுல மிச்சம் விழுந்த துணி."

கருநீல உடுப்பு. முட்டிக்குக் கீழே வரை நீளம், முழங்கை வரை கை. தண்ணீரில் மேலே தூக்காமல் இருக்கக் கீழ்மடிப்புக்குள் கனத்த நாடா வைத்துத் தைத்திருந்தாள். தையல் அவ்வளவு நேர்த்தி. அக்காவுக்கு அதைத் தொட்டுப் பார்க்கவே கை கூசியது.

முன்பக்கக் கடற்கரையில் சிவப்புக் கொடி. காலை வைத்தால் காவலாளி விசில் ஊதுகிறான். முதல் நாள் தையல்காரி குடையைப் பிடித்துக்கொண்டு கொடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். இரண்டாவது நாளும் அதேதான். கடல் கலங்கி, அக்கா எல்லோரிடமும் சொல்லும் அதே டீ நிறத்தில், வாய் பிளந்து கத்திக்கொண்டிருந்தது. பஸ் டிரைவர் வராந்தாவில் அக்காவின் கணவரோடு எஞ்சின் பேச்சில் இறங்கிவிட்டார். டீசல் வாசனை வந்தால் அவருக்கு எந்த ஊரும் சொந்த ஊர். ஆனால் நடுநடுவே மனைவியின் பக்கம் பார்ப்பார், மீசையைத் தடவுவார், மறுபடி எஞ்சினுக்குத் திரும்புவார். கருநீல உடுப்பு அறையின் கொக்கியில் தொங்கியது, மடிப்புக் கலையாமல், ஒரு சொட்டு ஈரம் படாமல். அக்கா அறையைப் பெருக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் குத்தியது.

சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. 'பொய் சொல்லி வரவழைச்சிட்டியே' என்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் அக்காவும் பதிலுக்கு அழுது தீர்த்திருப்பாள். தையல்காரி அப்படிப்பட்டவள் இல்லை. "மழைக்கு நீங்க என்னக்கா பண்ணுவீங்க" என்று சொல்லி, விரிப்பை மடிக்கக் கூட வந்து நின்றாள். அக்காவுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

மூன்றாவது நாள் காலை, அக்கா விரிப்பு மாற்றப் போனபோது தையல்காரி ஜன்னலோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். நாத்தனாரோடுதான்.

"அம்மாவப் பொரட்டிப் படுக்க வச்சியா? முதுகப் பாத்தியா, செவந்திருக்கா? பவுடர் அந்த அலமாரிலயே இருக்கு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டாள். பிறகு குரலைத் தூக்கி, சந்தோஷமாக ஆக்கிக்கொண்டு சொன்னாள்: "இங்கயா? நல்ல வெயில். ஆமா, குளிச்சேன். நேத்துகூடக் குளிச்சேன். ரொம்ப நல்லா இருந்துச்சு. நீ கஷ்டப்படறது வீண் போகல, சரியா?"

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா விரிப்போடு அப்படியே திரும்பி வந்துவிட்டாள். சமையலறையில் போய் நின்று அழுதாள், சத்தம் வெளியே வராமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அவள் சொன்ன ஒரு பொய் அந்தப் பெண்ணின் வாயில் போய் இன்னொரு பொய்யாக வந்துவிட்டது. அங்கே படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் அதை நம்பிக்கொண்டு அம்மாவைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு நாலாவது நாள். படகு ஏறினால் போச்சு. அந்த உடுப்பு காய்ந்தது காய்ந்தபடி பைக்குள் போய்விடும்.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக மீன்கடைக்குப் போனாள். சந்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அங்கே தகரக் கூரைக்கடியில் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள்.

"ஒரு ஆள அந்தப் பக்கம் கூட்டிட்டு வரணும்" என்றாள்.

மீன்கடைக்காரம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"விருந்தாளியையா? என்ன பேசறன்னு தெரிஞ்சுதான் பேசறியா? இன்னிக்கு ஒருத்தி வருவா. நாளைக்கு அவ போட்டோ வரும். நாளான்னிக்கு நாற்காலி வரும். அப்புறம் நாம எங்க போய்க் குளிக்கறது, கொடத்துலயா?"

"அவ அப்படிப்பட்டவ இல்லக்கா."

"எல்லாரும் வரும்போது அப்படிப்பட்டவங்க இல்லதான்."

அக்கா எதையும் மறைக்காமல் சொன்னாள். கொழுந்தனின் விளம்பரம், தான் வாயைக் கட்டிக்கொண்டது, 'குளிக்கலாம்' என்று சொன்னது, கருநீல உடுப்பு, மாமியாரின் கட்டில், காலையில் கேட்ட போன். சொல்லி முடிக்கும்போது மறுபடி குரல் உடைந்தது. "நான் இத்தன வருஷம் ஒருத்தரையும் ஏமாத்தினதில்ல. இவள ஏமாத்திட்டேன். அதுவும் போயும் போயும் இவளப் போய்."

மீன்கடைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மீனை இரண்டு தட்டுத் தட்டினாள். அவளும் தன் மாமியாரை அப்படி வைத்துப் பார்த்தவள்தான். சந்துக்கே தெரியும்.

"அந்த உடுப்பு எதுல தைச்சதுன்ன?"

"யூனிஃபார்ம் துணி."

"அப்ப பள்ளிக்கூடப் பிள்ள மாதிரி ஒழுங்கா வரச் சொல்லு. போன் கிடையாது. புருஷன் கிடையாது. உன் கொழுந்தன் மூக்க நீட்டினான்னா கத்தி இங்கதான் இருக்கு."

மத்தியானம் அக்கா போய் அறைக் கதவைத் தட்டினாள். "அந்த உடுப்பப் போட்டுக்கிட்டு வா தங்கச்சி" என்றாள். அவ்வளவு நாளும் 'நீங்க, வாங்க' என்று கூப்பிட்டவள், அப்போதுதான் முதல் தடவையாகத் தங்கச்சி என்றாள். தையல்காரி ஏன், எங்கே என்று கேட்கவில்லை. கொக்கியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

கருவாட்டு நாற்றத்தைத் தாண்டி, பாறை இடுக்கில் இறங்கியபோது மழை நல்ல வேகம். காற்று ஊசி மாதிரி குத்தியது. தையல்காரிக்குப் பல் கிட்டித்தது. கழுத்தளவு தண்ணீரில் தலைகள் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

"இந்தக் குளிர்ல தண்ணியிலயா?" என்றாள் அவள், பாதி பயத்தில்.

"கால வை" என்றாள் அக்கா.

வைத்தாள். உடனே வெடுக்கென்று எடுத்துவிட்டாள். அக்காவைப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். பிறகு தடதடவென்று இடுப்புவரை இறங்கிவிட்டாள்.

"ஐயோ! சுடுதண்ணிக்கா! யாரோ காய்ச்சி ஊத்தின மாதிரி இருக்கு!"

அதுதான் அந்தப் பக்கத்தின் சங்கதி. மழை குளிரும், காற்று குளிரும், கரையில் நிற்கிறவன் நடுங்கிச் சாவான். வெயில் காலத்துச் சூட்டையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்ட கடல் மட்டும் வெதுவெதுவென்று இருக்கும். தலைமேல் சில்லென்று மழை, கழுத்துக்குக் கீழே கதகதப்பு. அதை அனுபவித்தவர்களுக்கு நீலக் கடலும் வேண்டாம், தூளியும் வேண்டாம். புதுப்பெண்ணாக வந்து அழுதுகொண்டிருந்த அக்காவை எழுப்பி உட்கார வைத்ததும் அந்தக் கதகதப்புதான்.

தையல்காரி சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்க, நிறுத்தத் தெரியாமல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. மழையில் எது கண்ணீர் என்று பார்க்கவும் முடியாது. மீன்கடைக்காரம்மா பக்கத்தில் நகர்ந்து வந்து, முதுகுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்து, "மல்லாந்து படு. நான் பிடிச்சிருக்கேன். இன்னிக்கு உன்ன ஒருத்தி தாங்கட்டும்" என்றாள். அவள் படுத்தாள். எத்தனையோ வருஷமாக இன்னொருத்தியைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்த உடம்பு, அன்று ஒரு உள்ளங்கை மேல் கனமில்லாமல் மிதந்தது. கீழ்மடிப்பில் வைத்த நாடா வேலை செய்தது, உடுப்பு ஒரு விரல்கூட மேலே தூக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் அதைத்தான் முதலில் கவனித்தார்கள். "எங்களுக்கும் இப்படி ஒண்ணு தைச்சுக் குடேன்" என்று பேச்சு ஆரம்பித்து, மாமியார் கதைகளுக்குப் போய், சிரிப்பில் பாறைத்திட்டு அதிர்ந்தது.

கரை ஏறும்போது, இந்த இடத்தை ஏன் யாருக்கும் சொல்வதில்லை என்று மீன்கடைக்காரம்மாவே சொன்னாள். நாற்காலி, குடை, போட்டோ, காவலாளி எல்லாவற்றையும். தையல்காரி கேட்டுத் தலையாட்டினாள். சத்தியம் ஒன்றும் பண்ணவில்லை.

வீட்டு வாசலில் கொழுந்தனுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. "எங்க அண்ணி போனீங்க? அவங்க முகத்தப் பாருங்க! சொல்லுங்க, பதினோராவது காரணமாப் போட்டுடறேன்."

"நனைஞ்சிட்டு வந்தோம். வழிய விடு."

நாலாவது நாள் காலையிலும் ஒரு தடவை போனார்கள். படகுக்கு நேரமானபோது கருநீல உடுப்பு சொட்டச் சொட்ட ஈரமாக, பையின் அடியில் கனத்துக்கொண்டு கிடந்தது. படகுத்துறையில் அக்கா தையல்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, அன்னிக்குப் போன்ல நான் பொய் சொன்னேன். மழைன்னு தெரியும். தெரிஞ்சே வாங்கன்னு சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காத."

தையல்காரி அந்தக் கையை இறுக்கிக்கொண்டாள். "நெசத்தச் சொல்லியிருந்தீங்கன்னா நான் வந்திருக்க மாட்டேங்க்கா. அவளுக்கு லீவு இப்பதான். மழைன்னு தெரிஞ்சா, சரி, நமக்குக் குடுத்து வைக்கலன்னு மெஷின்ல போய் உக்காந்திருப்பேன்."

எஞ்சின் உறுமியது. பஸ் டிரைவர் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். படகு போன பிறகும் அக்கா அங்கேயே நின்றாள். அவள் இத்தனை வருஷமும் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மழையில் இருக்கிற கஷ்டத்தையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள், அந்த மழையில்தான் தன் உயிர் திரும்பி வந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனைக் கூப்பிட்டு, 'ஆண்டு முழுவதும் வெயில்' என்பதை எடுத்துவிட்டு 'மழை உண்டு' என்று போடச் சொன்னாள். அவன் முனகினான். ஆனாலும் நனைந்து வந்த அன்று தையல்காரியின் முகத்தைப் பார்த்தவன் அல்லவா, போட்டான்.

அடுத்த மழை மாதம் நெருங்கும்போது ஒரு போன் வந்தது. அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எடுத்தாள். கொழுந்தன் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"வராதீங்க அக்கா வீடுதானே? போன வருஷம் எங்க அண்ணி வந்துட்டுப் போனாங்க. யூனிஃபார்ம் தைக்கறவங்க." குரல் கணீரென்று இருந்தது. "எல்லாம் சொல்லிட்டாங்க. மழை நிக்கவே நிக்காது, கரண்ட் போகும், கொசு கடிக்கும், மூணாவது ரூம்ல வாளி இருக்கும், கடல் டீ மாதிரி இருக்கும், முன்பக்கம் காலே வைக்க முடியாது. சரிதானே?"

"அத்தனையும் சரி" என்றாள் அக்கா.

"அதே மாசம் எனக்கு ஒரு ரூம் வேணும். இந்தத் தடவ அம்மாவ அண்ணி பாத்துக்கறாங்க. என்னைப் பிடிச்சுத் தள்ளறாங்க, போயே ஆகணுமாம். குளிக்க ஒரு டிரஸ்ஸும் தைச்சுக் குடுத்துட்டாங்க. இவ்வளவு மோசம்னு சொல்றீங்க, எதுக்குப் போகச் சொல்றீங்கன்னு கேட்டா, வாயே தெறக்க மாட்டேங்கறாங்க. போனாத் தெரியும்ங்கறாங்க, சிரிக்கறாங்க." குரல் தயங்கி, கொஞ்சம் இறங்கியது. "அக்கா, அங்க குளிக்கலாமா?"

வெளியே முதல் தூறல் விழுந்து தகரத்தில் தட்டியது. கொழுந்தன் வெங்காயத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான். இந்தத் தடவை கை கூப்பவில்லை.

"குளிக்கலாம் தங்கச்சி" என்றாள் வராதீங்க அக்கா. "வாங்க."